பன்னிரண்டு கட்டங்களில் நூறு

வேலை அளவீடு பாடத்துக்குப் போகும்போது ஒரு சீட்டுக்கட்டை எடுத்துக்கொண்டு போவேன். ஐம்பத்திரண்டு சீட்டுகளையும் மேசையில் நான்கு குவியல்களாக ஒவ்வொன்றாகப் போட்டு முடிக்க அரை நிமிடம் ஆனால் அது இயல்பான வேகம். அதற்கு மதிப்பு நூறு. அதைவிட விரைவாகப் போட்டால் நூற்றுப் பத்து, நூற்று இருபது என்று ஏறும். சோம்பலாகப் போட்டால் எண்பதுக்கு இறங்கும். நான் சீட்டைப் போடுவேன். வகுப்பில் இருப்பவர்கள் என் கையைப் பார்த்து எண்ணைச் சொல்ல வேண்டும். முதல் நாள் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், சிரிப்பார்கள். நான்காவது நாள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே எண்ணுக்கு வந்துவிடுவார்கள். கண்ணைப் பழக்குவதுதான் அந்தப் பாடம்.

ஓர் ஆள் எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார் என்று கடிகாரம் சொல்லும். அந்த நேரத்தில் அவர் நடந்தாரா, ஓடினாரா என்று அது சொல்லாது. அதைப் பக்கத்தில் நிற்பவர்தான் பார்த்து எழுத வேண்டும். இதைப் பத்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பத்து வருடமா? ஒன்பது. பிரசவத்துக்காக விட்ட ஒரு வருடத்தைக் கழித்தால் எட்டு.

நான் படித்தது தொழிலகப் பொறியியல். அப்பாவுக்கு அது கடைசிவரை புரியவில்லை. பாலம் கட்டுவாயா, மோட்டார் செய்வாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். பிறர் செய்கிற வேலையை எப்படிச் செய்யலாம் என்று பார்க்கிற படிப்பு என்று சொன்னால், அதற்கு எதற்கு ஆறு வருடம் என்பார். திருச்சிப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் விரிவுரையாளராக இருந்தேன். பையன்களெல்லாம் கம்ப்யூட்டர் பக்கம் போய்விட, எங்கள் துறையில் சேர ஆள் இல்லாமல் மூடினார்கள். அதற்குள் கல்யாணமாகி, கணவரின் வேலைக்காக டெல்லி வந்து, மயூர் விஹாரில், இங்கே சொசைட்டி என்று சொல்லும் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் மூன்றாவது மாடியில் குடியேறியிருந்தோம். இங்கே ஒரு பயிற்சி நிறுவனத்தில் வேலை கிடைத்தது. கிடங்குக் கண்காணிப்பாளர்களுக்கும் சரக்குக் கணக்கர்களுக்கும் பாடம் நடத்த வேண்டும். பொருள் எங்கிருந்து வருகிறது, எங்கே நிற்கிறது, எப்படிப் போகிறது என்பது பாடத்தின் சுருக்கம். ஒப்பந்த வேலைதான். ஒவ்வொரு ஜூனிலும் புதுப்பிப்பார்கள். மார்ச்சிலிருந்தே நாளை எண்ணத் தொடங்கிவிடுவேன்.

போன வருடம் பிப்ரவரியில் கிழக்கு டெல்லியில் ஒரு மளிகைக் கிடங்கில் பயிற்சி கொடுக்கப் போனேன். போனில் யாரோ பருப்பும் ஷாம்புவும் கேட்பார்கள்; இங்கே பெண்கள் கையில் ஸ்கேனரோடு அலமாரிகளுக்கிடையே போய் எடுத்துக் கூடையில் போட்டுக் கொண்டுவந்து வைப்பார்கள். அதுவரை அங்கே டார்கெட் என்று ஒன்று கிடையாது. மேற்பார்வையாளரின் சத்தம் மட்டும்தான் இருந்தது. பயிற்சியோடு சேர்த்து, ஒரு மணி நேரத்துக்கு ஒருவர் எத்தனை பொருள் எடுக்கலாம் என்று அளந்து தரும்படி கம்பெனி கேட்டது. விஞ்ஞான முறைப்படி தருவோம் என்று எங்கள் நிறுவனத் தலைவர் ஒப்புக்கொண்டார். நானும் அதை நல்ல காரியம் என்றே நினைத்தேன். முறையாக அளந்த ஓர் எண் இருந்தால் சத்தம் போடுகிறவரின் வாயை அது அடைக்கும் என்று என் மாணவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

பயிற்சியின் இரண்டாம் நாள், தேநீர் இடைவேளையில் நான் கணவரோடு போனில் பேசி முடித்ததும் ஒரு பெண் பக்கத்தில் வந்து நின்றார்.

"மேடம் தமிழா? பேசுனது காதுல வுழுந்துச்சு."

கள்ளக்குறிச்சிப் பக்கத்துக்காரர். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவராக இருக்கலாம். கல்யாணமாகி டெல்லி வந்தவர், பதினைந்து வருடம் வீட்டு வேலை பார்த்திருக்கிறார். அதில் பாதி எங்கள் சொசைட்டிக்குப் பக்கத்து சொசைட்டிகளில். கிடங்குக்கு வந்து இரண்டு வருடமாகிறது என்றார். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிப் படம் தெரியும்படி வைத்துக்கொண்டார். "இங்க யாரு வீட்டு மீதியும் வாங்கித் திங்க வேணாம் பாருங்க" என்றார். அவரை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தேன். அவர் என்னை மேடம் என்பதை விடவில்லை.

அளக்கிற நாள் வந்தது. யாரை அளப்பது என்பதற்கு விதி உண்டு. ரொம்ப வேகமானவரும் கூடாது, மந்தமானவரும் கூடாது. நடுவில் இருப்பவர் வேண்டும். நமக்குப் பழக்கமானவராகவும் இருக்கக் கூடாது. மேற்பார்வையாளர் வேறொரு பெண்ணைத்தான் காட்டினார். நான் அக்காவைக் கேட்டு வாங்கினேன். அவருக்குத் தமிழில் விளக்கிவிடலாம் என்பதுதான் காரணம். என் இந்திக்கு நாலு வயது; அவசரத்தில் அது உடைந்துவிடும். அந்த நேரத்தில் இது பெரிய தப்பாகத் தோன்றவில்லை.

"எப்பவும் எடுக்கற மாதிரியே எடுங்கக்கா. எனக்காக எதையும் மாத்த வேணாம்" என்றேன். சரியென்று தலையாட்டினார்.

அளக்கத் தொடங்கும் முன் ஒத்திகையாக மூன்று கூடை முடிந்திருந்தது. நிதானமாகத்தான் எடுத்தார். அப்போது குழந்தைகள் காப்பகத்திலிருந்து போன் வந்தது. என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. உடம்பு கொதிக்கிறது, மருந்து கொடுக்க எங்களுக்கு அனுமதி இல்லை, ஜல்தி வந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொன்னார்கள். கணவருக்குப் போன் அடித்தேன். அவர் குருகிராமில் மீட்டிங்கில் இருந்தார். எப்படிப் பறந்தாலும் இரண்டு மணி நேரம். அக்கா கூடையோடு நின்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாப்பாவுக்குக் காய்ச்சலாம், சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்று சொன்னேன். எத்தனை வயது என்று கேட்டார். சொன்னேன். உச்சுக் கொட்டிவிட்டு அடுத்த கூடையை எடுக்கப் போனார்.

அதற்குப் பிறகு அவர் நடக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். அலமாரிக்கு அலமாரி கிட்டத்தட்ட ஓடினார். ஸ்கேனர் ஒலிப்பதற்குள் கை அடுத்த பொருளில் இருந்தது. பழகிய கண்ணுக்கு, அது நூறு இல்லை என்று தெரியாமல் இருக்க முடியாது. ஒவ்வொரு கூடைக்கும் நேரத்தை எழுதும்போதே பக்கத்துக் கட்டத்தில் வேகத்தின் மதிப்பையும் எழுத வேண்டும். ஒரு கையில் கடிகாரம், ஒரு கையில் படிவம் செருகிய அட்டை, தோளுக்கும் காதுக்கும் நடுவில் போன். நேரத்தை மட்டும் எழுதினேன். பக்கத்துக் கட்டங்களைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம் என்று விட்டேன். முப்பது கூடை அளந்திருக்க வேண்டும். பன்னிரண்டில் நிறுத்திவிட்டு ஓடினேன்.

மெட்ரோவில் பெண்கள் பெட்டியில் இடம் கிடைத்தது. படிவத்தை மடியில் வைத்து, காலியாக இருந்த கட்டங்களில் மேலிருந்து கீழாக நூறு, நூறு, நூறு என்று பன்னிரண்டு முறை எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று பிறகு எத்தனையோ தடவை என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். நூறைத் தாண்டி ரொம்ப மேலே போனால் குறிப்புப் பகுதியில் காரணம் எழுத வேண்டும். அந்த நேரத்தில் என்னால் ஒரு வரி எழுதவும் முடியவில்லை. அது ஒரு காரணம். ஊரில் கல்லூரியில் ஆய்வகப் பயிற்சிக்கு எல்லா மாணவர்களும் அப்படித்தான் நிரப்பித் தருவார்கள், நான் திருப்பி அனுப்பிவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கே ஒட்டிக்கொண்டதோ என்னவோ. சரியான மதிப்பு நூற்று இருபத்தைந்து; அப்படி எழுதியிருந்தால் அந்தக் கூடுதல் வேகத்தைக் கழித்து டார்கெட் இறங்கியிருக்கும். அது அப்போதே தெரியும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. அப்போது தெரியுமா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

காய்ச்சல் மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் அறிக்கையை அனுப்பினேன். கழிப்பறைக்கும் களைப்புக்கும் விட வேண்டிய நேரத்தையெல்லாம் ஒழுங்காகக் கூட்டியிருந்தேன். மணிக்கு நூற்றுப் பத்து பொருள் என்று வந்தது. தலைவர் கையெழுத்துப் போட்டார். சுத்தமான வேலை என்று பாராட்டவும் செய்தார்.

மே மாதம் அடுத்த பயிற்சிக்காக அதே கிடங்குக்குப் போனேன். வெளியே அனல் காற்று. உள்ளே தகரக் கூரைக்குக் கீழே இரண்டு கூலர்கள் ஈரக் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தன. நுழைவாயிலில் புதிதாக ஒரு பெரிய திரை மாட்டியிருந்தார்கள். அதில் எல்லோருடைய பெயரும் இருந்தது. நூற்றுப் பத்தைத் தொட்டவர்கள் பச்சையில், தொடாதவர்கள் சிவப்பில். பச்சையில் இருந்ததெல்லாம் இருபது வயதுக்காரிகள். அக்காவின் பெயர் சிவப்பில் இருந்தது.

பிப்ரவரியில் பார்த்தபோது மதியச் சாப்பாட்டுக்கு எல்லாப் பெண்களும் ஒன்றாக உட்கார்வார்கள். இவர் கொண்டுவரும் புளிச்சோற்றுக்கு அங்கே கிராக்கி. இப்போது அட்டைப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். தண்ணீர் பிடிக்க எழுந்து போனபோது ஒரு பெண் இந்தியில், "வழி விடுங்கடி, மத்ராசி மெஷின் வருது" என்றாள். மற்றவர்கள் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தபடியே பாட்டிலை நிரப்பிக்கொண்டு வந்தார்.

வகுப்பு முடிந்ததும் கழிப்பறைப் பக்கம் எனக்காகக் காத்திருந்தார்.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா? இந்த நூத்திப்பத்து நீங்க அளந்ததுதான?"

"ஆமாக்கா."

"என்னைய வெச்சு அளந்தது."

ஆமாம் என்றேன்.

"அப்ப என்னாலதான் இந்த நம்பர் வந்துச்சுன்னு இவளுங்க சொல்றது நெசந்தான்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தொடர்ந்து மூன்று வாரம் சிவப்பில் இருந்தால் ஆள் அனுப்புகிற காண்ட்ராக்டர் பிறகு டியூட்டி கொடுக்க மாட்டார், அட்டையைத் திருப்பி வாங்கிவிடுவார் என்று விவரம் சொன்னார். இவருக்கு முதல் வாரம் முடிந்திருந்தது. "தொண்ணூறு, தொண்ணூத்திரெண்டு வருது. அதுக்கு மேல காலு வர மாட்டுது மேடம்."

கேட்டிருக்கக் கூடாத விதத்தில், குற்றம் சொல்வது போலக் கேட்டேன்.

"அன்னைக்கு மட்டும் ஏங்கா அவ்வளவு வேகமா எடுத்தீங்க? எப்பவும் போல எடுங்கன்னுதானே சொன்னேன்?"

அவர் என்னைச் சின்னப் பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"புள்ளைக்குக் காய்ச்சல்னு சொன்னீங்களே மேடம். நான் வெரசா முடிச்சா நீங்க கெளம்பலாம்ல."

கடிகாரத்தைக் கண்டதும் தொழிலாளி வேகத்தைக் குறைப்பார் என்று எங்கள் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வழிகள் இருக்கின்றன. நானே அதில் கேள்வித்தாள் தயாரித்திருக்கிறேன். அளக்க வந்தவள் வீட்டுக்குப் போகட்டும் என்று ஒருவர் ஓடுவார் என்று எங்கேயும் படித்ததில்லை. எதையாவது சொல்ல வேண்டுமே என்று, பார்க்கிறேன் அக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கையெழுத்து உங்க சாரோடது. நீ ஏன் போய்த் தலையைக் குடுக்கற?" என்றார். பிறகு, "ஜூன்ல ரினியூவல் இருக்கு" என்றார். மகள் அவர் மடியில் உட்கார்ந்து பானி, பானி என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தண்ணீர் என்று சொல்ல அவள் இன்னும் பழகவில்லை. காப்பகத்தில் அதிக நேரம் விடுகிறேன் என்பதற்கு அது சாட்சி போல எனக்குக் கேட்கும்.

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். அந்த இரண்டு நாளை எழுதாமல் விட்டுவிடலாமா என்று யோசித்தேன். எழுதித்தான் ஆக வேண்டும். மூன்றாம் நாள் தலைவரின் அறைக்குப் போய், வேக மதிப்பை நான் பார்த்து எழுதவில்லை, ரயிலில் உட்கார்ந்து நிரப்பினேன் என்று சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இது வேறு யாருக்காவது தெரியுமா என்று கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். அவர் திட்டவில்லை. தவறு என்ற சொல் வெளியே போகக் கூடாது, கோடைக்கால மறு ஆய்வு என்று கடிதம் எழுதுவோம் என்றார். நான் ஒப்புக்கொண்டேன். அந்தக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். கம்பெனி தேதி கொடுக்க ஒரு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டது. மறு ஆய்வு நடந்தபோது அக்காவுக்கு மூன்றாவது வாரம். வெள்ளிக்கிழமை.

அன்று கணவரை லீவு போட்டு மகளோடு இருக்கச் சொல்லியிருந்தேன். ஒப்பிட்டுப் பார்க்க அதே ஆள் வேண்டும் என்று கிடங்கு மேலாளர் சொல்லியிருந்தார். இளைஞர், மரியாதையானவர். என் பக்கத்திலேயே கைகட்டி நின்றார்.

"அக்கா, இன்னைக்கு எனக்கு எந்த அவசரமும் இல்ல. சாயங்காலம் வரைக்கும் நிப்பேன். மெதுவாவே எடுங்க" என்றேன்.

அக்கா மேலாளரை ஒரு தடவை பார்த்தார். பிறகு ஓட ஆரம்பித்தார்.

அவருக்கு அது மூன்றாவது வாரத்தின் கடைசிக்கு முந்தைய நாள். ஒவ்வொரு பொருளும் அவர் கணக்கில் ஏறும். நான் சொன்னதைக் கேட்பதா, திரையைப் பார்ப்பதா? முப்பது கூடைகள் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு கட்டத்திலும் பார்த்துப் பார்த்து எழுதினேன்: நூற்று இருபத்தைந்து, நூற்று முப்பது, நூற்று இருபத்தைந்து. பத்தொன்பதாவது கூடையில் அலமாரிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஓடினார். அந்த ஒரு நிமிடத்தையும் எழுதினேன். மேலாளர் என் படிவத்தை எட்டிப் பார்த்துவிட்டு, நீங்களும் மதராஸ்தானா மேடம் என்று சிரித்தபடி கேட்டார். ஆமாம் என்றேன். அச்சா, என்றார்.

குறிப்புப் பகுதியில், முதல் ஆய்வில் வேக மதிப்பு நேரில் கவனிக்கப்படவில்லை என்று ஒரு வரி எழுதினேன். இறுதி அறிக்கையில் தலைவர் அந்த வரியை எடுத்துவிட்டார். எண்ணைத் தொடவில்லை. மணிக்கு எண்பத்தெட்டு. கம்பெனி ஏற்றுக்கொண்டது. அடுத்த புதன்கிழமை முதல் அது திரைக்கு வந்தது.

அக்காவின் மூன்றாவது வாரம் அதற்கு முன்னால் சனிக்கிழமையே முடிந்துவிட்டது. பட்டியலைக் கம்ப்யூட்டர் தானாக எடுத்துக் காண்ட்ராக்டருக்கு அனுப்பிவிடும். மேலாளருக்குப் போன் செய்து, எண்பத்தெட்டு என்று வைத்துப் பார்த்தால் அந்தப் பெண் மூன்று வாரமும் பச்சைதான் என்று சொன்னேன். அவர் குரலை உயர்த்தாமல், அந்த வாரங்களுக்கு டார்கெட் நூற்றுப் பத்து, பின்னால் போய் மாற்றிக் கணக்கிட முடியாது, நீங்கள் பாடம் நடத்துகிறவர், உங்களுக்குத் தெரியாததா என்றார். காண்ட்ராக்டரின் ஆள், அந்த இடத்துக்கு ஏற்கனவே வேறு பெண் வந்துவிட்டாள் என்றான்.

ஜூனில் என் ஒப்பந்தத்தைப் புதுப்பித்தார்கள். இந்த முறை இரண்டு வருடத்துக்கு.

ஒரு மாதம் கழித்து அக்காவே போன் செய்தார். பழைய வீடுகளில் ஒன்றில் மறுபடி பாத்திரம் தேய்க்கப் போவதாகச் சொன்னார். "அவளுங்க போன் பண்ணாளுங்க மேடம். இப்ப எல்லாம் பச்சையாத்தான் வருதாம். சாப்பாட்டுக்கு நேரம் இருக்காம்" என்று சிரித்தார். நான் ம் கொட்டிக்கொண்டிருந்தேன். அவர் கூப்பிட்ட காரணம் வேறு. நொய்டாவில் ஒரு பேக்கிங் கம்பெனியில் ஆள் எடுக்கிறார்கள்; முன்னால் வேலை பார்த்ததற்கு யாராவது எழுதிக் கொடுத்தால் நல்லது என்கிறார்கள்; நான் எழுதித் தர முடியுமா என்று கேட்டார்.

நிறுவனத்தின் தாளில் எழுத அனுமதி கேட்க வேண்டும். கேட்கத் துணிவில்லை. வெள்ளைத்தாளில் ஆங்கிலத்தில் எழுதி, என் படிப்பையும் வேலையையும் கீழே போட்டுக் கையெழுத்திட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் சொசைட்டி வாசலுக்கு வந்தார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனேன். காய்ச்சலில் இருந்த பிள்ளை இதுவா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். என்னால் அவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. கடிதத்தை அவருக்குத் தமிழில் சொன்னேன்: நேர்மையானவர், நேரத்துக்கு வருபவர், ஸ்கேனர் தெரியும், பொருள்களை மாற்றி எடுக்காதவர், சீராக வேலை செய்பவர்.

கவனமாகக் கேட்டார்.

"வேகமா வேலை செய்வேன்னு போடலையா மேடம்?"

"அது வேணாம்கா."

"ஏன்?"

"போட்டா அதையே உங்ககிட்ட தினமும் எதிர்பார்ப்பாங்க."

"பாக்கட்டுமே. அதுக்குத்தான மேடம் கூப்புடுவாங்க? சீரா செய்யறவங்களுக்கா பஞ்சம்?"

நான் வேண்டுமென்றே அதை விட்டிருந்தேன். அவரை அடுத்த இடத்தில் இன்னொருவர் கடிகாரத்தோடு தொடரக் கூடாது என்று ஒரு மணி நேரம் யோசித்துத் தவிர்த்த சொல் அது. அதை எப்படி அவரிடம் சொல்வது? அவர் முகம் வாடியிருந்தது. தன்னைப் பற்றிச் சொல்ல இருக்கிற ஒன்றையும் நான் எடுத்துவிட்டதாக நினைக்கிறார் என்று புரிந்தது. காவலாளியிடம் பேனா வாங்கி, தாளை வாசலில் இருந்த வருகைப் பதிவேட்டின் மேல் வைத்து, இரண்டு வரிகளுக்கு இடையில் இன்னொன்றை எழுதினேன். எழுதி முடிக்கும் வரை அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வாங்கி நான்காக மடித்துப் பர்சில் வைத்துக்கொண்டு, ஒரு இ-ரிக்‌ஷாவைக் கை காட்டி நிறுத்தி ஏறிப் போனார்.

வேகமாக என்று மட்டும் எழுதினேனா, மிக வேகமாக என்று எழுதினேனா என்பது இப்போது சரியாக நினைவில்லை.